அக்காவின் கட்டைவிரல்

கிர்ர்ர் என்று கிழக்குக் கட்டடத்தில் மணி அடித்தது. அது அடங்குவதற்குள் மேற்குக் கட்டடத்தில் டிங் டாங் என்று இன்னொரு மணி அடித்தது. இரண்டுக்கும் நடுவே சிமென்ட் முற்றத்தில் நின்றிருந்த சின்னு, முதலில் கிழக்கே நாலடி ஓடினாள். பிறகு மேற்கே ஆறடி ஓடினாள். பிறகு நின்று, தன் கைப்பேசியை ஏதோ அது மன்னிப்புக் கேட்கப்போவதைப் போல உற்றுப் பார்த்தாள்.

பல்கலைக்கழகம் அனுப்பியிருந்த கால அட்டவணையில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. திங்கள் காலை பத்து மணி, புள்ளியியல், நேரடி வகுப்பு, கிழக்குக் கட்டடம், கட்டாயம். அதற்கு நேர் கீழே, திங்கள் காலை பத்து மணி, தொடர்பியல், கலப்பு வகுப்பு, மேற்குக் கட்டடம், கட்டாயம். அதற்கும் கீழே சிவப்பு எழுத்தில்: கட்டாயப் பாடம் எதிலும் மூன்று வகுப்புகளுக்கு வராதவர் பெயர் நீக்கப்படும்.

சின்னுவுக்கு இது மூன்றாவது முயற்சியில் கிடைத்த இடம். இரண்டு வருடம் மருந்துக்கடையில் நின்றபடியே படித்து வாங்கியது. வீட்டில் முதலில் படிக்கப் போயிருக்க வேண்டியவள் அக்கா. அப்பா போன பிறகு அவள் ஆஸ்பத்திரி வரவேற்பு மேஜையில் இரவு வேலைக்கு உட்கார்ந்துவிட்டாள். "நான் உக்காந்தாச்சு. நீயாவது எழுந்து போ" என்று அனுப்பி வைத்தவளும் அவள்தான்.

முற்றத்தில் ஒரு காவலாளி இருந்தார். ஓடி ஓடி நின்றவளைப் பார்த்து, "மோதலா?" என்றார். தலைவலியா என்று கேட்கிற தொனி.

"ஆமாண்ணா."

"மாடிக்குப் போம்மா. மோதல் தீர்வு அலுவலர்னு போர்டு இருக்கும். சீக்கிரம் போ. திங்கட்கிழமை பத்துல இருந்து பதினொண்ணு வரைக்கும்தான் திறந்திருப்பாங்க."

இப்படியாகச் சின்னு தன் முதல் திங்கட்கிழமையில் இரண்டு வகுப்புகளுக்கும் ஒரே நேரத்தில் வராமல் போனாள்.

மோதல் தீர்வு அலுவலர் அறையில் ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு விருது. 'மோதலற்ற வளாகம்' என்று அதில் பொன்னெழுத்தில் எழுதியிருந்தது. அலுவலர் அதற்கு நேர் கீழே, விருது வாங்கியவரே தான்தான் என்பது தெரியும்படி உட்கார்ந்திருந்தார்.

"சார், எனக்கு ஒரு மோதல்..."

அலுவலர் காதைப் பொத்திக்கொண்டார். "அந்த வார்த்தையைச் சொல்லாதீங்கம்மா. இந்த வளாகத்துல அது கிடையாது. போன வருஷமே ஒழிச்சாச்சு."

"எப்படி சார் ஒழிச்சீங்க?"

"இணைநிகழ்வுன்னு பேர் மாத்திட்டோம்."

வாசலில் இருக்கும் போர்டை அடுத்த வாரம் மாற்றுவதாக இருந்தார்கள். அதுவரை யாரும் அதைப் படிக்கக் கூடாது என்று சுற்றறிக்கை போயிருந்தது. ஆகவே நாமும் இனி அவரை இணைநிகழ்வு அலுவலர் என்றே சொல்வோம்.

சின்னு கைப்பேசியை நீட்டினாள். அவர் பார்த்தார். கம்ப்யூட்டரில் எதையோ தட்டினார். திரையை அவள் பக்கம் திருப்பினார். பெரிதாக ஒரு பூஜ்யம்.

"பாத்தீங்களா? பூஜ்யம்."

"ஆனா ரெண்டும் பத்து மணிக்குத்தானே சார் இருக்கு?"

"இருக்கு. ஒண்ணு கிழக்கே, ஒண்ணு மேற்கே. ரெண்டு கட்டடமும் மோதலையே? ஒரே அறையில ரெண்டு வகுப்பு வந்தாத்தான் கணக்குல வரும். அறை எங்க சொத்து. அதுக்கு ஒண்ணுன்னா நாங்க பொறுப்பு. நீங்க எங்களுக்கு எப்பம்மா சொத்தா இருந்தீங்க?"

சின்னு வேறு வழி தேடினாள். "கலப்பு வகுப்புன்னா பாதிப் பேர் அறையில, பாதிப் பேர் இணையத்துலதானே சார்? நான் இணையத்துல சேர்ந்துக்கறேனே. புள்ளியியல் முடிஞ்சதும் பதிவைப் பாத்துக்கறேன்."

"அருமையான யோசனை" என்றார் அவர். சின்னுவின் முகம் மலர்ந்தது. "ஆனா நீங்க அறைப் பாதி. இணையப் பாதிக்கு மாறணும்னா, அறையில ஒரு பருவம் ஒழுங்கா உக்காந்து காட்டணும். பதிவு இருக்கு. தாராளமாப் பாக்கலாம். வகுப்பு நடக்கிற நேரத்துல மட்டும், வகுப்பு நடக்கிற அறையில."

"நடந்துக்கிட்டு இருக்கிற வகுப்புக்கு எப்படி சார் பதிவு இருக்கும்?"

"அதனாலதாம்மா இதுவரைக்கும் யாரும் தப்பாப் பயன்படுத்தினது இல்ல."

இறுதியில் அவர் மனமிரங்கினார். இணைநிகழ்வால் பாதிக்கப்பட்டவர்களுக்கென்று பல்கலைக்கழகம் ஒரு நேர மேலாண்மைப் பயிலரங்கு நடத்துகிறது. அதில் சின்னுவைச் சேர்த்துவிட்டார். அதுவும் கட்டாயம். அதுவும் திங்கட்கிழமை. மணியைச் சொல்ல வேண்டியதில்லை.

மறுநாள் காலை வீட்டில் அக்கா இரவு வேலை முடித்து வந்து, காலைக் காப்பியை இரவுச் சாப்பாடாகக் குடித்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டாள்.

"ஏண்டி, ஒரு உடம்பை வெச்சிக்கிட்டு மூணு இடத்துல உக்காரணும்னா எப்படி? தோசையா திருப்பிப் போட?"

"அதான் கேக்கறேன். என்ன பண்றது?"

"என்ன பண்றது? புள்ளியியலுக்கு நான் போறேன். காலையில சும்மாதானே தூங்கறேன், அங்க போய்த் தூங்கறேன்."

"வருகைப் பதிவு எடுப்பாங்கக்கா."

"நம்பர்தானே கூப்பிடுவாங்க? உள்ளேன் ஐயான்னு சொல்றதுக்குப் பட்டமா வேணும்?"

அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். "அந்த மூணாவது என்ன, நேர மேலாண்மையா? அதுக்கு நான் போறேன். இருபத்தஞ்சு வருஷமா அதைத்தானே பண்றேன். எவன் என்ன சொல்லித்தரான்னு பாக்கலாம்."

அடுத்த திங்கட்கிழமை, மூன்று பேரும் ஒரே பஸ்ஸில் ஏறிப் போய், முற்றத்தில் இறங்கி, மணி அடித்ததும் மூன்று திசைக்குப் பிரிந்தார்கள். காவலாளி சல்யூட் அடித்தார். இது போன்ற குடும்பங்களை அவர் மதிப்பவர்.

தொடர்பியல் வகுப்பில் சின்னு அறைப் பாதியாக உட்கார்ந்தாள். பேராசிரியர் இணையப் பாதியாக வந்தார். அதாவது அவர் தன் வீட்டிலிருந்து திரையில் தெரிந்தார். முகத்துக்கு முகம் பார்த்துப் பேசுவது மனித உறவுக்கு எத்தனை அவசியம் என்று ஒரு மணி நேரம் உருகினார். நடுவில் அவர் பின்னால் யாரோ குக்கரை இறக்கி வைத்தார்கள். ஒரு மாணவன் கையைத் தூக்கினான். அறைப் பாதியின் கைகள் திரையில் தெரியாது என்பதால் அது வகுப்பு முடியும்வரை தூக்கியபடியே இருந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அக்கா தன் அனுபவத்தைச் சொன்னாள்.

"வாத்தியார் நல்லவர்டி. தலையே தூக்கல. போர்டைப் பாத்தே பேசிட்டுப் போயிட்டார். நான் கண்ணைத் திறந்துக்கிட்டே தூங்கினேன்." இது அவளுக்கு இரவு வரவேற்பு மேஜை கற்றுக்கொடுத்த வித்தை. "கடைசியில என்னைக் காட்டி, 'கவனம்னா இதுதான் கவனம், கண்ணிமைக்காம கேட்டாங்க'ன்னு சொன்னார்."

"யாருக்கும் சந்தேகம் வரலையா?"

"யாருக்கு வரும்? என் பக்கத்துல முறுக்கு மீசை வெச்ச ஒருத்தர். பொண்ணுக்காக வந்திருக்காராம். அந்தப் பக்கம் கைக்குழந்தையோட ஒரு அம்மா, கொழுந்தனுக்காக. முன் வரிசையில ஒரே ஒரு பையன் மட்டும் பயந்து பயந்து உக்காந்திருந்தான். யாருக்குப்பா வந்திருக்கேன்னு கேட்டேன். எனக்காகத்தான்னான். பாவமா இருந்துச்சு."

அம்மா பயிலரங்கில் வெற்றிக்கொடி நாட்டியிருந்தாள். உங்கள் ஒரு நாளை ஒரு வட்டமாக வரைந்து, நேரத்தைப் பங்கு போடுங்கள் என்று பயிற்சியாளர் சொல்லியிருக்கிறார். அம்மா போட்ட பங்குகளுக்கு வட்டம் போதாமல் மேஜை மேலும் கொஞ்சம் வரைந்தாளாம்.

"தூக்கத்துக்கு எங்கம்மா இடம்னு கேட்டான். மேஜை ஓரத்தைக் காட்டினேன். எழுந்து நின்னு கை தட்டினான்" என்றாள் அம்மா. "அவனுக்கு ஒரு மணி நேரத்துல முடிக்க வேண்டிய பாடத்தை முடிக்கத் தெரியல. இழுத்துக்கிட்டே போறான். அடுத்த வாரம் நான் சொல்லித்தரேன்னுட்டு வந்திருக்கேன்."

சின்னுவுக்குக் குற்ற உணர்ச்சியாக இருந்தது. ஆனாலும் இரண்டு வாரம் சுகமாகவே போயிற்று. அக்கா தூங்கினாள். அம்மா பாடம் எடுத்தாள். சின்னு திரையைப் பார்த்தாள். அந்தச் சமயத்தில்தான் பல்கலைக்கழகத்துக்கு ஒழுக்கத்தின் மேல் ஆசை வந்தது.

நான்காவது திங்கட்கிழமை, முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல், எல்லா அறைகளுக்கும் எல்லா அலுவலகங்களுக்கும் ஒரே நேரத்தில் விரல் பதிவு இயந்திரம் வந்து இறங்கியது. ஆள்மாறாட்டத்தை அடியோடு ஒழிப்பதற்காக. யார் எந்த இருக்கையில் இருக்கிறார்களோ அவர்கள் கட்டைவிரலை அழுத்த வேண்டும், அந்த விரல் அந்த இருக்கைக்குரியவரின் விரலாக என்றென்றும் பதிவாகும், இதை மாற்றுவதற்கு வழி கிடையாது, மாற்ற வழி இல்லாததே இதன் சிறப்பு என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். மணி அப்போது பத்தரை.

மேற்குக் கட்டடத்தில் சின்னு விரலை வைத்தாள். பயிலரங்கில் அம்மா வைத்தாள். கிழக்குக் கட்டடத்தில் அக்காவை மீசைக்காரர் தட்டி எழுப்பினார். அவள் ஆஸ்பத்திரி நினைப்பில், "டாக்டர் ரவுண்ட்ஸ் போயிருக்கார், உக்காருங்க" என்று சொல்லிக்கொண்டே விரலை வைத்தாள். பச்சை விளக்கு எரிந்தது.

பிறகு ஒரே வாரத்தில் இரண்டு சம்பவங்கள் நடந்தன. ஆஸ்பத்திரியில் அக்காவைப் பகல் வேலைக்கு மாற்றினார்கள். இனி அவளால் வர முடியாது. தொடர்பியல் பேராசிரியர் தன் வகுப்பைச் செவ்வாய்க்கு மாற்றிக்கொண்டார். திங்கட்கிழமை அவர் வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் வருகிறதாம்.

மோதல் தீர்ந்தது. மன்னிக்கவும், இணைநிகழ்வு தீர்ந்தது. சின்னு துள்ளிக் குதித்தாள். ஐந்தாவது திங்கட்கிழமை, தன் சொந்தக் கால்களால் முதல்முறையாகக் கிழக்குக் கட்டடத்துக்கு நடந்து போய், புள்ளியியல் வகுப்பு வாசலில் இருந்த இயந்திரத்தில் தன் சொந்தக் கட்டைவிரலை வைத்தாள்.

சிவப்பு.

துடைத்துவிட்டு வைத்தாள். சிவப்பு. உள்ளேயிருந்து மீசைக்காரர் அனுதாபமாகப் பார்த்தார். "நீங்க அவங்க தங்கச்சியா? அவங்க வரலையா? நல்லா தூங்குவாங்களே" என்றார். கதவு மூடிக்கொண்டது. புள்ளியியலில் சின்னு வராமல் போன இரண்டாவது வகுப்பு அது.

மாடிக்கு ஓடினாள். இணைநிகழ்வு அலுவலர் மகிழ்ச்சியாக இருந்தார். வெள்ளையடிப்பால் ஒரு இணைநிகழ்வு தீர்ந்ததை அவர் தன் சாதனையில் ஏற்கெனவே சேர்த்திருந்தார். சின்னு மூச்சிரைக்க எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாள். தனக்குப் பதிலாக அக்கா வந்ததையும், அக்கா விரல் வைத்ததையும் மறைக்காமல் சொன்னாள்.

"தப்புத்தான் சார். என்ன தண்டனை வேணும்னாலும் கொடுங்க. ஆனா என்னை வகுப்புல விடுங்க."

"அக்கா வந்தது தப்பே இல்லையேம்மா" என்றார் அவர் கனிவாக. "விரல் யாரோடதோ அவங்கதானே மாணவி? அக்கா விரல் இருக்கு. அப்ப அக்கா மாணவி. அவங்க ஒழுங்கா வந்துட்டு இருந்தாங்க. இன்னிக்கு அவங்களுக்குப் பதிலா நீங்க வந்து விரல் வெச்சிருக்கீங்க." அவர் குரல் தாழ்ந்தது. "ஆள்மாறாட்டம் பண்ணினது நீங்கதாம்மா."

"சார், அனுமதிக் கடிதத்துல என் போட்டோ இருக்கு! என் மூஞ்சி!"

"மூஞ்சி போன வருஷ முறைம்மா."

"அப்ப அடுத்த வாரம்?"

"அக்காவை வரச் சொல்லுங்க. இல்லேன்னா மூணாவது தடவை. அக்கா பேர் நீங்கிடும். பேர் என்னவோ உங்களோடதுதான், அதையும் சொல்லிடறேன். நான் எதையும் ஒளிக்கிற ஆள் இல்ல."

ஒரே ஒரு வழி இருந்தது. 'இன்னார்தான் இன்னார்' என்று ஒருவரால் மட்டும் உத்தரவிட முடியும். அது துணைவேந்தர். அவருடைய மக்கள் குறைதீர் நேரம் திங்கட்கிழமை காலை பத்திலிருந்து பதினொன்று.

"ஆனா சார், அடுத்த திங்கள் அங்க போனா, வகுப்புக்கு மூணாவது தடவை வராத கணக்காயிடுமே?"

"வகுப்புக்குப் போனாலும் உள்ள விடமாட்டாங்களே? ரெண்டும் ஒண்ணுதாம்மா. கவனிச்சீங்களா, இதுல உங்களுக்கு இணைநிகழ்வே இல்ல" என்று அவர் வாழ்த்தினார்.

ஆறாவது திங்கட்கிழமை. அன்றைக்கு அம்மா வர மறுத்துவிட்டாள். பயிலரங்கில் அவளுக்காக அறுபது பேர் காத்திருந்தார்கள். அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து கைப்பேசியில் அழைத்தாள். "பயப்படாம பேசு. அந்த ஆளும் மனுஷன்தானே. நீதான் நீன்னு உன்னைப் பாத்தா தெரியாதா? குரல் நடுங்குச்சுன்னா உதைப்பேன்."

துணைவேந்தர் அறை வாசலில் நீண்ட பெஞ்சு. அதன் ஓரத்தில் நீல நிற டை கட்டிய ஒருவர், மடியில் டோக்கனோடு உட்கார்ந்திருந்தார். வயது அறுபதுக்கு மேல். சின்னுவுக்கு இடம் விட்டு நகர்ந்தார்.

"அங்க உக்காராதேம்மா, மேல ஒழுகும். இங்க வா."

"அடிக்கடி வருவீங்களா சார்?"

"போன திங்களும் வந்தேன். உனக்கு என்ன, விரலா?"

"ஆமா சார். உங்களுக்கும்?"

"விரல்தான்" என்று பெருமூச்சு விட்டார். "ஒரே ஒரு மணி நேரம் வேற கூட்டத்துக்குப் போயிருந்தேன். அந்த நேரம் பாத்து மெஷினைக் கொண்டு வந்துட்டாங்க."

வாசலில் நின்ற ப்யூன் அதட்டினான். "பெரியவரே, காலை மடக்குங்க. பேச்சு வேண்டாம். உங்க முறை வந்தா கூப்பிடுவோம்."

"போன தடவையும் அப்படித்தானே சொன்னே?" என்றார் நீல டை, காலை மடக்கிக்கொண்டே.

"இந்தத் தடவையும் அப்படித்தான் சொல்றேன். டோக்கன் முப்பத்திரெண்டு! உள்ள போம்மா."

அது சின்னுவின் டோக்கன். நீல டைக்காரர் அவள் தோளைத் தட்டினார். "ஜன்னல் பக்கத்து நாற்காலியில உக்காரு. இன்னொண்ணு ஆடும்" என்றார்.

துணைவேந்தர் பருத்த, சிரித்த முகத்துக்காரர். கோட்டின் கை நீளமாகி அவர் விரல் முட்டிகள் வரை வந்தது. மேஜை மேல் டீ, வடைத் தட்டு, விரல் இயந்திரம். அவர் எழுந்தே நின்று வரவேற்றார். சின்னு ஜன்னல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அது ஆடவில்லை.

குரல் நடுங்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். மணி, முற்றம், பூஜ்யம், பஸ், அக்காவின் தூக்கம், அக்காவின் விரல். அக்கா படிக்காமல் போனதையும் சொன்னபோது மட்டும் கொஞ்சம் நடுங்கியது. துணைவேந்தர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நிஜமான கண்ணீர்.

"எவ்வளவு கஷ்டம்! எவ்வளவு கஷ்டம்! வடை எடுத்துக்கோம்மா. நான் இந்த நாற்காலிக்கு வரும்போது எனக்கு ஒண்ணுமே தெரியாது. என்னடா பண்ணப் போறோம்னு பயந்தேன். ஒரே வாரத்துல புரிஞ்சுபோச்சு. நாம எதுவும் பண்ண வேண்டியதில்ல. யார் உக்காந்தாலும் நாற்காலி தன் வேலையைப் பாத்துக்கும். டீ தானா வருது. கோப்பு தானா வருது. விரலை வெச்சா தானா போகுது. இதுவரைக்கும் நூத்துக்கணக்குல விரல் வெச்சிருக்கேன். ஒண்ணுகூட தப்புன்னு யாரும் சொல்லல. படிச்சுப் பாத்திருந்தா தப்பு வந்திருக்கும்."

"அப்ப எனக்கும் விரல் வைங்க சார். 'இந்தப் பெண்தான் இந்தப் பெண்'னு ஒரே ஒரு வரி. நான் கேக்கறது அவ்வளவுதான்."

துணைவேந்தர் இயந்திரத்தைத் தன் பக்கம் இழுத்தார். கட்டைவிரலைக் கோட்டில் துடைத்தார். விரல் இயந்திரத்துக்கு ஒரு அங்குலம் மேலே போய் நின்றது. அங்கேயே நின்றது. பிறகு மெல்லத் திரும்பி வடைத் தட்டுக்குப் போய்விட்டது.

"விடுதி வேணுமா? தரேன். பரிசு வேணுமா? ரெண்டு தரேன். உங்கம்மாவை அந்தப் பயிலரங்குக்கே தலைவி ஆக்கிடறேன். புள்ளியியலைப் பாடத்திட்டத்துல இருந்தே தூக்கச் சொல்லு, தூக்கிடறேன். இது மட்டும் வேண்டாம்மா."

"ஏன் சார்? உண்மையைத்தானே எழுதச் சொல்றேன்?"

அவர் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தார். சாத்தியிருந்தது. கிழக்கே கிர்ர்ர் என்று அடித்தது. மேற்கே டிங் டாங் என்று அடித்தது. அவர் மேஜை மேல் குனிந்து குரலைத் தாழ்த்தினார்.

"உனக்கு அப்படி ஒரு வரி எழுதிக் கொடுத்துட்டேன்னா, வெளிய பெஞ்சுல நீல டை கட்டிக்கிட்டு உக்காந்திருக்காரே என் சகலை, அவரும் உள்ள வந்து எனக்கும் எழுதிக் கொடுன்னு நிப்பாரு, அவர்தானேம்மா நிஜத் துணைவேந்தர்."